ஏரியல் அக்காவின் கம்பியும் மங்கம்மாவின் ஸ்பீக்கரும்

வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கீழேதான் பார்ப்பார்கள். தரை, குழாய், சாக்கடை. வானத்தைப் பார்த்து வீடு பிடித்த ஒரே மனுஷி, எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஏரியல் அக்காதான்.

அப்போது நானும் என் மனைவி செல்வியும் திருப்பதி கொர்லகுண்டாவில் ஒரு வீட்டின் முதல் மாடியில் குடியிருந்தோம். காட்பாடியிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள் நாங்கள். எனக்கு ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் தனியாக இருந்தார். பாலசமுத்திரத்துக்காரர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பெற்ற மகன் மட்டுமல்ல, தெருவே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். அவர் மனைவி மங்கம்மா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை காலியாகக் கிடந்தது. அதைப் பார்க்க ஒருநாள் அந்த அம்மாள் வந்தார். நாற்பது தாண்டிய வயது, கம்பெனி யூனிஃபார்ம், தோளில் ஒரு சுருள் நைலான் கயிறு.

"தண்ணி ரெண்டு வேளையும் வரும்மா. கரெண்டுக்குத் தனி மீட்டரு" என்று ஆரம்பித்தார் நைனா.

"அது கெடக்கட்டும் நைனா. அந்தத் தென்ன மரம் யாருது?"

"பக்கத்து ஊட்டுது. எளனி வேணுமா?"

"மரந்தான் வேணும்."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரலை நீட்டி, மாடிக்கும் மரத்துக்கும் உள்ள தூரத்தை அளந்தார். "சரியா வருது" என்று சொல்லிவிட்டு முன்பணத்தைக் கொடுத்தார். அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதே குடிவந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

வெதுருகுப்பத்துக்காரர். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஆனால் அது சாப்பாட்டுக்கு. உயிர் வாழ்ந்தது ஹாம் ரேடியோவுக்கு. அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக ஒரு ரேடியோ வைத்துக்கொண்டு, எங்கெங்கோ இருக்கும் முன்பின் தெரியாதவர்களோடு காற்றில் பேசுகிற காரியம் அது.

"போன்லயே பேசலாமே அக்கா" என்றாள் செல்வி.

"போன்ல யாருன்னு தெரிஞ்சிக்கினுதானே பேசற. இதுல சும்மா கூப்புடுவேன். யாரு வருவாங்கன்னு தெரியாது. சில நாளு ஒருத்தரும் வர மாட்டாங்க. ஆனா யாரோ கேட்டுக்கினு இருக்காங்கன்னு மட்டும் தெரியும்."

செல்வி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே தென்னை மரத்துக்குக் கம்பி போனது. கயிற்றின் நுனியில் ஒரு போல்ட்டைக் கட்டிச் சுழற்றி எறிந்தார். முதல் எறி பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. இரண்டாவது எறி எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. மூன்றாவது எறியில் மரம் மாட்டியது. மாடி அறையிலிருந்து மரத்தின் உச்சி வரை ஒற்றைக் கம்பி, ரேடியோவுக்கான ஏரியல்; தெரு அவருக்கு வைத்த பேரும் அதுவே ஆனது. அறைப் பக்கத்து நுனியில் ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ், அதற்குள் அவரே சுற்றிய ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். டப்பாவிலிருந்து இன்னொரு கம்பி எர்த்துக்காகச் சுவர் வழியே இறங்கி, கீழ்த்தளத்து ஜன்னல் ஒன்றை உரசிக்கொண்டு போய், தரையில் அடித்த இரும்புக் குழாயில் முடிந்தது.

எதற்கு இப்படி என்று கேட்டது என் தவறு. இட்லி ஆறிப் பாறையாகும் வரை சொன்னார்.

"ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒவ்வொரு நீளத்துக்குக் கம்பி வேணும் தம்பி. காலையில ஒண்ணு வேல செய்யும், மத்தியானம் ஒண்ணு. எல்லாத்துக்கும் தனித்தனியா ஜோடி ஜோடியா ஒரே எடத்துலேர்ந்து கட்டித் தொங்க வுடலாம். ஆனா காத்துல சிக்கிக்கும். ஒண்ண வெட்டிச் சரி பண்ணா பக்கத்துல இருக்கறது கோச்சிக்கும். அதான் எல்லாத்துக்கும் சேத்து ஒரே கம்பி."

"இது கோச்சிக்காதா?"

"இதுக்கு ஒரே ஒரு கொணம் உண்டு" என்றார். என்ன குணம் என்று சொல்வதற்குள் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அந்தக் குணத்தை நாங்களே தெரிந்துகொண்டோம். முதலில் எங்கள் காலிங் பெல். பொழுது சாயும் நேரத்தில் அடிக்கும். கதவைத் திறந்தால் யாருமில்லை. மூடினால் மறுபடி அடிக்கும். பேட்டரியை மாற்றினேன், இன்னும் தெம்பாக அடித்தது. அடுத்து சமையலறை பல்பு. ஸ்விட்சை அணைத்த பிறகும் அதற்குள் மங்கலாக ஓர் ஒளி மினுங்கியது. மின்னுவதில் ஓர் ஒழுங்கு இருந்தது. கூடும், குறையும், சற்று நிற்கும், மறுபடி கூடும். யாரோ பேசுவதைக் கண்ணால் பார்ப்பது போல இருந்தது. செல்வி விளக்கணைத்த சமையலறைக்குள் போவதை நிறுத்தினாள். நான் வீரனாகக் காட்டிக்கொண்டு, அந்தப் பல்பைப் பார்க்காமலே தண்ணீர் எடுத்து வந்தேன்.

ஒருநாள் செல்வி ஈரப் புடவை ஒன்றை மாடியில் காயப்போட்டாள். அக்கா அறையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"ஏம்மா, சேலைய எட்துடு. மொரீஷியஸ் கட்டாயிடுச்சி."

அது கொடிக்கம்பி இல்லை, ஏரியல் என்பது அப்போதுதான் செல்விக்கு உறைத்தது. மாடியிலிருந்து அவர் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் கீழே பெல் அடித்துக்கொண்டிருந்தது என்பது எனக்கும் உறைத்தது.

விசாரிக்கப் போனேன். நான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்பதே அவருக்குப் புரியவில்லை. கண்கள் விரிந்தன.

"பெல்லு அடிச்சிதா? நான் எந்த அலைவரிசையில பேசும்போது? பல்பு எவ்ளோ எரிஞ்சிது, அரையா காலா?"

"அக்கா, என் பொண்டாட்டி பயந்து போய் இருக்கா."

"பயப்படாம மணி பாத்து எழுதி வைக்கச் சொல்லு" என்று உளறிவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "தப்பு என்னுதுதான் தம்பி. ஒத்தக் கம்பிய ஒரு முனையில புடிச்சி கரெண்டு தள்ளனா, அதுக்கு இன்னொரு பாதி எங்கயாவது வேணும். நாம ஒழுங்கா குடுக்கலன்னா அது தானா எட்துக்கும். எர்த்து ஒயரு, ஊட்டு ஒயரிங், எல்லாம் அதுக்குச் சொந்தம். இப்ப இந்த ஊடுதான் அதுக்கு இன்னொரு பாதி."

அதுதான் அந்தக் குணம். படியிறங்கும்போது சுவரைத் தொடாமல் இறங்கினேன்.

பெல்லையும் பல்பையும் இரண்டு நாளில் ஏதோ வளையங்களை மாட்டி அடக்கினார். அத்துடன் முடிந்தது என்று நினைத்தோம்.

ஒருநாள் உச்சி வேளை. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மலை வெயிலில் வெளுத்துப்போய் நின்றது. ஷிஃப்ட் முடிந்து வந்த நான், வாடகை ரசீது விஷயமாக நைனாவைப் பார்க்கக் கீழே கதவோரம் நின்றேன். உள்ளே அவர் குரல் கேட்டது.

"ரெண்டு இட்லி துன்னேன். சட்னி ஒரப்பு. அந்தப் பொண்ணு செல்விதான் குட்த்தா."

சற்று நிசப்தம். பிறகு ஒரு பதில் வந்தது.

வார்த்தை புரியவில்லை. ஆனால் பேச்சுதான். வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டு, கரகரத்த அடித் தொண்டையில், ஏற்ற இறக்கத்தோடு யாரோ பேசினார்கள். முடித்தார்கள். காத்திருந்தார்கள். நைனா தொடர்ந்தார்.

"முட்டி வலிதான். மருந்து போட்டுக்கினேன்."

மறுபடி அந்தக் குரல். அது வந்தது மங்கம்மாவின் அறையிலிருந்து. அந்த அறையில் இப்போது யாருமே இல்லை என்பது எனக்குத் தெரியும். முழங்காலுக்குக் கீழே எனக்குக் கால்கள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

நைனா என்னைக் கண்டுவிட்டார். கொஞ்சமும் பதற்றமில்லை. "வா தம்பி, உக்காரு. மங்கம்மா பேசறா" என்றார், அவள் வெளியூரிலிருந்து வந்திருக்கிறாள் என்பது போல.

அறைக்குள் மங்கம்மாவின் பஜனை ஸ்பீக்கர் நின்றிருந்தது. சக்கரம் வைத்த பெரிய ஸ்பீக்கர், முகத்தில் நீல விளக்கு, மேலே சுருட்டிய நீண்ட மைக் ஒயர். பஜனை கோஷ்டிக்காக நைனா வாங்கிக் கொடுத்தது. பிளக்கைப் பிடுங்கக் கூடாது என்பது மங்கம்மாவின் உத்தரவு. இறந்த பிறகும் நைனா அதை மீறவில்லை.

"எப்பவும் வாயில வெத்தல போட்டுக்கினுதான் பேசுவா. இப்பவும் அப்டியே. ஒண்ணும் புரியாது. அப்பவும் புரிஞ்சதில்ல" என்றார்.

அந்த அறையின் ஜன்னலைப் பார்த்தேன். கம்பிகளை உரசிக்கொண்டு வெளியே அக்காவின் எர்த்து ஒயர் இறங்கியது.

மாடியில் அக்கா ரேடியோவில் பேசினால் இங்கே ஸ்பீக்கர் முனகும். எதிர்முனையில் யாரோ பதில் சொல்லும்போது இது சும்மா இருக்கும், ஏனென்றால் அந்தப் பதில் மாடியில் ரேடியோவுக்குள்தான் கேட்கும். அந்த இடைவெளியில் நைனா தன் இட்லிக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். மொரீஷியஸ்காரருக்குப் போகவேண்டிய வானிலைச் செய்தியெல்லாம் இங்கே தாம்பத்தியமாகிக்கொண்டிருந்தது.

அன்று மாலை அக்காவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் செத்துவிட்டது.

"எவ்ளோ நாளா?"

"தெரியல. ஆனா அவர் இப்பதான் ஒழுங்கா சாப்பிடறார்."

"சொல்ல வேணாம்க்கா" என்றாள் செல்வி. "யாருக்கு என்ன நஷ்டம்?"

அன்றிலிருந்து அக்கா ரேடியோவைத் தொடவில்லை. மாடி அமைதியானது. கீழேயும் அமைதியானது. அந்த அமைதிதான் பெரிய வினையாகிவிட்டது. நைனா சாப்பாட்டை ஒதுக்கினார். ஸ்பீக்கர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "கோவமா இருக்கா போல" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். தெருவில் யாரோ பெங்களூருக்குப் போன் போட்டுவிட்டார்கள். மகன் வந்து இறங்கினான், நல்ல பையன், அதனாலேயே கலவரமாக இருந்தான். வீட்டைப் பூட்டிவிட்டு அப்பாவைக் கூட்டிப்போய் மனநல டாக்டரிடம் காட்டுவது என்ற முடிவோடு வந்திருந்தான்.

"ஸ்பீக்கர்கிட்ட பேசிக்கினு இருக்கியாமே நைனா. ஊரே சொல்லுது."

"அது பேசுச்சி. நானும் பேசனேன்."

மகன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அப்போது வாசலில் அக்கா வந்து நின்றார். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

"அவருக்கு ஒண்ணுமில்லீங்க. அது நெசமாவே பேசுச்சி. நைனா, அது உங்க ஊட்டம்மா இல்ல. நான்தான். என் கம்பி பண்ண வேல."

மகன் நம்பவில்லை. "மேல போயி ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் சொல்றேன். நீங்க இங்க உக்காந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஏறினார். நாங்கள் மூவரும் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் நீல விளக்கு ஒருமுறை துடித்தது. அடித் தொண்டையிலிருந்து ஐந்து உருண்டைகள் விழுந்தன. பிறகு ஓர் இருமல். மகன் அவனையறியாமல் என் கையைப் பிடித்தான். விஷயம் தெரிந்த எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

அக்கா இறங்கி வந்து நைனா எதிரே நின்றார், தீர்ப்புக்கு நிற்பவர் போல.

"தெரியும்மா" என்றார் நைனா.

மகன் என் கையை விட்டான்.

"மொத நாளு மங்கம்மான்னுதான் நெனச்சேன். அப்புறம் ஒரு நாளு, ரேஷன் கார்ட எங்க வச்சன்னு கேட்டேன். கேட்டு முடிக்கற வரைக்கும் அது கம்முனு இருந்துச்சி. அப்பவே தெரிஞ்சி போச்சி. மங்கம்மா ஒரு நாளும் என்னப் பேசி முடிக்க வுட்டதில்ல."

"தெரிஞ்சும் ஏன் நைனா பேசிக்கினே இருந்த?" என்றான் மகன்.

"இந்த வயசுல நான் சொல்றத முழுசா கேக்க ஒரு ஆளு கெடச்சிது. வுடுவனா? ரெண்டு நாளா அதுவும் நின்னு போச்சி. சோறு எறங்கல." பிறகு அக்காவிடம், "ஏம்மா நிறுத்திட்ட?" என்றார்.

அக்கா யூனிஃபார்ம் பொத்தானைத் திருகினார். "என் ரேடியோ இன்னொருத்தர் ஊட்டுல கேக்கக்கூடாது நைனா. சட்டமே அப்டித்தான். இத நான் சரி பண்ணியே ஆவணும்."

"பண்ணு. மேல வந்து உன் ரேடியோவ நான் கேக்கலாமில்ல?"

"கேக்கலாம். பேசத்தான் கூடாது, லைசென்ஸ் இல்ல."

"பேசாம இருக்கறது எனக்குப் பழக்கந்தாம்மா."

மகன் அன்று மாலையே தனியாகப் பெங்களூருக்கு பஸ் ஏறினான்.

புதுக் கம்பிக்கு நைனாதான் மேஸ்திரி. இந்த முறை நுனியில் அல்ல, நடுவில் இணைப்பு. ஒருபக்கம் தென்னை, மறுபக்கம் எதிர் வீட்டு வேப்ப மரம். அந்த வீட்டுக்காரரிடம் நைனா தெலுங்கில் மன்றாடினார். "செட்டுக்கு ஏமி காதண்டி, மரத்துக்கு ஒண்ணும் ஆவாது" என்று இரண்டு பாஷையிலும் சத்தியம் செய்தார். நடுவிலிருந்து மாடி அறை வரை இரண்டு கம்பிகள் இணையாக இறங்கின. அவை ஒன்றையொன்று தொடாமலிருக்க, பிளாஸ்டிக் சீப்புகளை உடைத்து நடுவே குறுக்காக வைத்துக் கட்டினார்கள்.

"ரெண்டு கம்பியிலயும் கரெண்டு எதிரும் புதிருமா ஓடும் நைனா. ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கும். அதனால வழியில வெளிய ஒண்ணும் கசியாது. மேல போயிதான் பேசும். எந்த அலைவரிசைக்கு வேணும்னாலும் கீழ ஒரு பொட்டிய வச்சி ஒத்துப்போவ வச்சிக்கலாம்."

"எங்க ஊட்லயும் அப்டித்தான் ஓடிச்சி. வெளிய ஒண்ணும் தெரியாது" என்றார் நைனா, சீப்பை உடைத்துக்கொண்டே.

கட்டி முடித்தபோது தெரு பயந்தது. பார்ப்பதற்கு வானத்திலிருந்து ஓர் ஏணி இறங்கியது போல இருந்தது. மனிதக் கால் வைக்க முடியாத அளவுக்குச் சின்னப் படிகள். காற்றடித்தால் லேசாக முறுகித் திரும்பும். ராத்திரி அதில் யார் இறங்குகிறார்கள் என்று எதிர் வீட்டுக் குழந்தைகள் பந்தயம் கட்டினார்கள். பால்காரர் பாக்கெட்டை கேட்டிலேயே தொங்கவிட்டுப் போனார். ஆனால் வேலை சுத்தம். பெல் அடிக்கவில்லை. பல்பு செத்தது போல இருந்தது. மங்கம்மாவின் ஸ்பீக்கர் நீல விளக்கோடு வாய்மூடி நின்றது. நைனா சாயங்காலங்களில் மாடியில் உட்கார்ந்து யார் யாரோ பேசுவதைக் கேட்டுத் தலையாட்டினார்.

இனி சொல்லப்போவதை நான் விளக்க முடியாது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம், செல்வி கொடுத்த குழம்பை எடுத்துக்கொண்டு நைனாவிடம் போனேன். அக்கா ஸ்ரீசிட்டியில் இருந்தார். மாடி அறை பூட்டியிருந்தது. நைனா, ஒருமுறை சித்தூர் போகும் வழியில் பஸ்ஸுக்கு பிரேக் பிடிக்காமல் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிக் கதையில், உள்ளறையிலிருந்து அந்த முனகல் எழுந்தது.

அதே கரகரப்பு. அதே வாய் நிறைந்த பேச்சு. நைனா நிறுத்தினார். அது நிற்கவில்லை.

"இரு, சொல்லி முடிச்சிடறேன்" என்றார் அவர், மிக மெதுவாக. மறுபடி கதையைத் தொடங்கினார். அது அவர் பேச்சின் மேலேயே ஏறிப் பேசியது. அவர் குரலை உயர்த்தினால் அதுவும் உயர்த்தியது. ஒரு வாக்கியத்தைக்கூட அவரால் முடிக்க முடியவில்லை.

நைனா என் பக்கம் திரும்பினார். கண்கள் நிறைந்திருந்தன. ஆனால் முகத்தில் ஒரு பழைய சலிப்பு, வெகுநாள் குடித்தனம் நடத்திய மனிதனின் சலிப்பு.

"தம்பி, கதவ கொஞ்சம் சாத்திக்கினு போறியா."

சாத்திவிட்டு வந்தேன்.

அன்று மாலை நான் சொன்னதும் அக்கா எல்லாவற்றையும் சோதித்தார். ரேடியோவுக்குக் கரெண்டே போகவில்லை, ஒயர் கழற்றப்பட்டுக் கிடந்தது. சின்ன ரிசீவர் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்துத் தெருக்களையெல்லாம் சுற்றினார், வேறு யாராவது ஒலிபரப்புகிறார்களா என்று. யாருமில்லை. "லாரில வயர்லெஸ் செட்டு வச்சிக்கினு யாராச்சும் போயிருக்கலாம்" என்றார். அவர் குரலிலேயே நம்பிக்கை இல்லை. ஸ்பீக்கர் ஒயரில் மாட்டினால் எந்த அலையும் உள்ளே வராது என்று ஒரு கறுப்பு வளையத்தை எடுத்துக்கொண்டு கீழே போனார். நைனா அறை வாசலில் நின்றிருந்தார். வழி விடவில்லை.

அக்கா அவரைச் சற்று நேரம் பார்த்தார். வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என் சிக்னல் இல்லன்னா எனக்கு அதுல வேல இல்ல நைனா" என்று சொல்லிவிட்டு மாடியேறிவிட்டார். அதற்குப் பிறகு அது பேசியதா என்று நாங்கள் கேட்கவுமில்லை, நைனா சொல்லவுமில்லை.

அடுத்த வருஷம் அக்கா வரதய்யபாளையத்துக்குக் குடிபோனார். கம்பெனிக்குப் பக்கம் என்பதால் அல்ல. அங்கே ஒரு வயலோரம் இரண்டு பனை மரங்கள் சரியான இடைவெளியில் நிற்கின்றனவாம். சாமான் ஏற்றிய வண்டியில் ஏறும்போது, உருகிப் பேசத் தெரியாத அந்த மனுஷி, எங்கள் எல்லோருக்கும் பொதுவாக "செவன்ட்டி த்ரீ" என்றார். ரேடியோவில் பேச்சை முடிக்கும்போது அப்படித்தான் சொல்வார்களாம், நல்லா இருங்க என்று அர்த்தமாம். "ஒனக்கும் அதேம்மா" என்றார் நைனா.

ஒரு வாரம் கழித்துச் செல்வியின் போனுக்கு அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. எண்பத்தெட்டு என்ற எண் மட்டும் இருந்தது. கதவு எண்ணோ, ஏதாவது பாக்கியோ என்று குழம்பி, நான் போனிலேயே தேடிப் பார்த்தேன். ரேடியோக்காரர்கள் மிகவும் வேண்டியவர்களுக்கு மட்டும் அனுப்புகிற எண் அது. அன்பும் முத்தங்களும் என்று போட்டிருந்தது.

செல்வி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திருப்பி என்னங்க அனுப்பறது?" என்றாள்.

"அதையே அனுப்பு" என்றேன். "நம்ம ரெண்டு பேர் பேருலயும் சேத்து."